கதவைச் சாத்திச் சோறூட்டிய வீடு

பிள்ளைக்குச் சோறூட்டப் போவதைவிடக் கரும்பு வெட்டப் போவது மேல். கரும்பு வாயை இறுக்கி மூடிக்கொள்ளாது, வெட்டுகிறவள் முகத்தில் துப்பவும் துப்பாது.

கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று ஒரு சுண்டைக்காயின் பின்னால் வீடு முழுக்க ஓடியிருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே சாதி. வாருங்கள், உட்காருங்கள், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். "என் பிள்ளை போட்டதை எல்லாம் தின்னும்" என்று பீற்றிக்கொள்கிறவர்கள் எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம்.

எங்கள் மொரீசியஸில் பிள்ளை பார்க்கிறவளை நேனேன் என்பார்கள். நான் முதலில் நேனேனாக இருந்தது பெரிய தோட்டத்து மானேஜர் துரை வீட்டில். பிறகு பெரிய தோட்டங்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. நம் ஆட்களும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆளுக்கொரு துண்டு வாங்கினார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். நேற்று வரைக்கும் பிள்ளையைச் சாக்கில் கிடத்திவிட்டுக் களை எடுத்தவர்களுக்கு இன்றைக்கு வீட்டுக்கு ஒரு நேனேன் வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நான் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன். செமின் கிரனியே என்ற ஊரில், அப்பாசாமி வீடு.

தாழ்ப்பாள்

அப்பாசாமியை அரைக்கால் சட்டையோடு ஓடின நாளிலிருந்து எனக்குத் தெரியும். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நிலம் வாங்கின பிறகு அவனை எல்லாரும், துரையைக் கூப்பிடுவது போல, 'மிசியே' என்று கூப்பிட வேண்டுமாம். அவன் பெண்சாதி பாக்கியம், ரிவியேர் தே ஸாங்கீயிலிருந்து வந்தவள், வாயில் ஈ போனாலும் சத்தம் போடாதவள். அவர்களுக்கு ஒரே பெண். தேவானை என்று பெயர், இரண்டு வயது முடிந்திருந்தது. பார்த்தால் ஒரு வயது என்பீர்கள். கை கால் எல்லாம் முருங்கைக்காய்.

வேலைக்குப் போன முதல் நாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனேன். பாக்கியம் பதறிப்போய் என்னைப் பின்கட்டு அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சன்னலைச் சாத்தினாள், சன்னல் இடுக்கில் துணியை அடைத்தாள், கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். வெயில் காலம் வேறு. தகரக் கூரைக்குக் கீழே நானும் அந்தக் குழந்தையும் ஒரு கிண்ணம் குழைந்த சோறும். இட்லிக் கொப்பரையில் வைத்தது போல வெந்தோம்.

விஷயம் இதுதான். தேவானைக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு ஆண் பிள்ளை. கொழுகொழுவென்று இருந்ததாம். பெரிய தோட்டத்து வயலில் களை எடுக்கிற மரியான் என்பவள் ஒருநாள் அதைத் தெருவில் பார்த்து, "என்னமா தின்னுது பாரு" என்றாளாம். அந்த மாசமே காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. அந்த மழைக்குக் காய்ச்சல் எத்தனை வீட்டுக்குள் நுழைந்தது என்று எங்கள் சவன் ஜில்லாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அப்பாசாமி கணக்கில் மற்ற பிள்ளைகள் செத்தது காய்ச்சலால், அவன் பிள்ளை செத்தது கண்ணால். அன்றிலிருந்து தேவானை தின்பதை ஒரு ஈ காக்கை பார்க்கக் கூடாது என்று சட்டம். பெற்றவன் மனசு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "பிள்ளை தூங்குது" என்று சொல்லிச் சொல்லி, அப்படி ஒரு பிள்ளை உண்டா இல்லையா என்றே ஊரில் பேச்சாகிவிட்டது.

இதற்கு மேல் ஒரு கெடுவும் இருந்தது. அப்பாசாமியின் அக்காள் மங்களம், சேன் பியேரில் வாழ்க்கைப்பட்டவள், பிள்ளை இல்லாதவள். தம்பி வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தைப்பூசக் காவடி முடிவதற்குள் பிள்ளை உடம்பு தேறாவிட்டால் தன்னோடு கொண்டுபோய் வளர்க்கப்போவதாக அவள் சொல்லிவிட்டாள். ஒன்றைப் பறிகொடுத்தவளிடம் இன்னொன்றையும் விட்டுவைக்க முடியாதாம். பெற்றவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதாகக் கேள்வி. அதனால்தான் என்னை அவசர அவசரமாக வேலைக்கு வைத்தார்கள். முதல் நாளே அப்பாசாமி கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, சாவித் துவாரம் வழியாக எனக்கு உத்தரவு போட்டான்.

"பிள்ளைக்கு ஊட்டுறது உன் வேலை நேனேன், யாரும் பாக்காம ஊட்டுறது அதைவிடப் பெரிய வேலை."

துரை வீட்டுப் பிள்ளை தின்றது

தாழ்ப்பாளுக்குள் ஒரு வாரம் போராடிப் பார்த்தேன். சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனால் உதட்டை உள்ளே மடக்கிக்கொள்வாள். மீறி உள்ளே போய்விட்டால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். மென்றால்தானே? காலையில் வைத்த சோறு மத்தியானம் கழுவும்போது வெளியே வரும். அந்த வாயை எங்கள் ஊர்ச் சீனாக்காரன் கடைக்குக் கொடுத்தால் அரிசி மூட்டை அடுக்கி வைத்துக்கொள்வான்.

அப்பாசாமிக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வருவது புயல் வருவது போல, எப்போதாவதுதான் வரும், வந்தால் வீடு வீடாக இருக்காது. துரை வீட்டுப் பிள்ளை என்ன தின்றது என்று என்னைக் கேட்டான். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து வெண்ணெய் போட்டுக் கொடுப்போம் என்றேன். அந்தப் பிள்ளையும் அதைத் துப்பியது, நாய்தான் தின்று கொழுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கடைக்குப் போய்விட்டான். ரொட்டி வந்தது, டின்பால் வந்தது, வெண்ணெய் வந்தது. ஒரு பீங்கான் தட்டும் வந்தது.

தேவானை அந்த ரொட்டியைக் கையில் எடுத்தாள். எனக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. பிசைந்தாள், உருட்டினாள், எழுந்து போய்ச் சுவரில் அப்பினாள். மறுபடி வந்தாள், எடுத்தாள், அப்பினாள். தட்டுக் காலியாகும் வரைக்கும் பொறுமையாக அப்பினாள். சத்தம் இல்லையே, தின்கிறாள் போல என்று பாக்கியம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, சுவருக்குத்தான் பசி போலிருக்கு."

சொந்த நிலத்துக் கரும்பு

வெட்டுக்காலம் அது. அப்பாசாமி தினமும் சாயங்காலம் வயலிலிருந்து வரும்போது ஒரு கரும்புத் துண்டோடு வருவான். தோலைச் சீவி மகள் கையில் கொடுப்பான். கரும்புக்குக் கண்ணு கிடையாதாம், அதை மட்டும் வாசலில் உட்கார்ந்து சப்பலாம். தேவானை அதைச் சப்பிக்கொண்டே இருப்பாள். ஒரு துண்டு முடிந்தால் இன்னொன்று. விடியற்காலையில் ஒன்று, மத்தியானம் பாக்கியத்தை அழுது அரித்து ஒன்று. வயிறு முழுக்கக் கரும்புச் சாறு. அதன் மேல் சோறு எங்கே இறங்கும்? மில்லில் கூட ஒரு நேரம் நிறுத்துவார்கள், இவள் நிறுத்தமாட்டாள்.

இதைக் கண்டுபிடிக்க எந்த மருத்துவனும் வரவேண்டியதில்லை, எருமைக்கே தெரியும். அப்பாசாமியிடம் சொன்னேன். சாயங்காலம் சோறு தின்கிற வரைக்கும் கரும்பைக் காட்டாதே தம்பி, பசிக்கட்டும் என்று பதமாகத்தான் சொன்னேன். அவன் முகம் கருத்துவிட்டது. அவன் அப்பன் காலத்திலிருந்து அடுத்தவன் கரும்பை வெட்டி வெட்டி, தொட்டால் கங்காணி திட்டுவான் என்று சப்பாமல் வளர்ந்தவன். அதை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமைக்கு மகள் வயிறுதான் கிடைத்ததா?

"நேனேன், அது என் நிலத்துக் கரும்பு, அது எப்படி என் பிள்ளையைக் கெடுக்கும்?"

மூக்கைப் பிடி

வெட்டு முடிகிற சமயம் மங்களம் நிலவரம் பார்க்க வந்தாள். மாட்டு வண்டியிலிருந்து இறங்கும்போதே புருவத்தை நெரித்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சந்தையில் வாத்தைத் தூக்கிப் பார்த்து வேண்டாம் என்று வைப்பார்களே, அப்படி வைத்தாள். பிறகு பாக்கியத்துக்கும் எனக்கும் ஊட்டுவது எப்படி என்று பாடம் எடுக்க ஆரம்பித்தாள். வயிற்றில் ஒரு பிள்ளையைச் சுமக்காதவள் என்று நான் சொல்லக் கூடாது, அது பாவம். ஆனால் நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று நீந்தச் சொல்லிக்கொடுப்பதையும் எத்தனை நேரம் கேட்பது?

முதலில் மிரட்டல். தின்னாவிட்டால் போலீஸ்காரன் வந்து பிடித்துக்கொண்டு போவான் என்றாள். தேவானை போலீஸ்காரனைப் பார்த்ததே இல்லை. அறைக்குள்ளேயே கிடக்கிற பிள்ளை யாரைத்தான் பார்த்தது? ஆனால் அத்தையின் கண்ணைப் பார்த்தது, வீறிட்டது. அழுத வாய் திறந்திருக்கிறதே, அதை வீணாக்கலாமா என்று மங்களம் மூக்கைப் பிடித்து அண்ணாத்தி, பருப்புக் கஞ்சியைச் சங்கில் ஊற்றினாள். நான் தடுத்தேன். கையைத் தட்டிவிட்டாள். பாக்கியம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் சங்கு உள்ளே போனதும் முதல் சங்கிலிருந்து எல்லாம் வெளியே வந்தது, மங்களத்தின் காசிப்பட்டுச் சேலை மேல். அதோடு கிண்ணத்தைப் பார்த்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பழக்கமும் வந்து சேர்ந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள், அந்த வீட்டில் ஊற்றிக் கெடுத்தார்கள். அவளோ சேலையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகச் சொன்னாள்.

"உள்ள போனது போனதுதானே, கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்."

காக்காய்க் கதை

என் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரைப் பழித்துவிட்டு என்னை மட்டும் மறைத்தேன் என்பீர்கள். நான் கதை சொல்லிப் பார்த்தேன். வடை திருடின காக்காய், கிடைத்ததை எல்லாம் சேர்த்துவைத்த எறும்பு, பசியால் அழுத அணில். கதை கேட்கும்போது தேவானை வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அந்த நேரம் பார்த்து ஒரு கவளத்தைத் தள்ளிவிடுவது என் திட்டம். தள்ளினேன். அவள் அதைக் கையால் எடுத்துத் தரையில் வைத்தாள், காக்காய் வருமாம், அதற்காம். அடுத்த கவளம் எறும்புக்கு. அதற்கடுத்தது அணிலுக்கு. தரை முழுக்க விருந்து. நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது பாக்கியம் வாசற்படியில் குந்திக்கொண்டு பார்த்தாள். காவடி நெருங்க நெருங்க அவளும் சரியாகத் தின்பதில்லை. அந்த வீட்டில் பெண்கள் ஆண்கள் தின்ற பிறகு அடுப்படி மூலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு வாய் போட்டுக்கொள்வார்கள், அதையும் அவள் இப்போது ஒரு வாயாக்கிவிட்டாள்.

"அவளை அவங்க கொண்டுபோயிட்டா நான் யாருக்குச் சமைப்பேன், அக்கா?"

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பெருக்கினேன்.

முருகன் அருள்

கோயிலில் கொடி ஏறியது. அப்பாசாமி காவடி எடுக்க விரதம் தொடங்கினான். மீன் கருவாடு எல்லாம் வெளியே போனது, சட்டிபானை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று, வீடு முழுக்கச் சாம்பிராணி. அந்தப் பத்து நாளில் தேவானை இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! அதுவரைக்கும் கன்னத்திலாவது ஒதுக்கிக்கொண்டிருந்தவள், இப்போது சோற்றுக் கிண்ணம் பக்கமே திரும்பவில்லை.

நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம். அப்பாசாமி தலை நிமிர்ந்தான். பிள்ளை தானாகவே விரதம் இருக்கிறாள், அவளுக்கு முருகன் அருள் வந்திருக்கிறது என்று கோயிலில் போய்ச் சொல்லிவிட்டான். பார்க்கக் கூடாத பிள்ளையை இப்போது பார்க்கப் பூசாரியே வந்தார். அவர் கண்ணுக்கு மட்டும் தோஷமில்லையாம். சந்தனத்தைப் பூசிவிட்டு அவளைக் கும்பிடாத குறையாக நின்றார். நான் பூசை அறையைப் பெருக்கப் போனபோதுதான் அருளின் மூலம் தெரிந்தது. படத்துக்கு முன்னால் வைத்த வாழைப்பழச் சீப்பில் தோல் மட்டும் இருந்தது. சர்க்கரைப் பொங்கலில் குழி. பானகச் செம்பு காலி. சாமி அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், அதனால் பயமில்லாமல் நைசாகப் போய், மெல்லாமலே வழுக்கிக்கொண்டு இறங்குகிறதாகப் பார்த்துத் தின்றிருக்கிறாள். நான் அதைச் சொல்ல வருவதற்குள் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு மெய்சிலிர்த்துப் போயிருந்தார்.

"அம்பது வருஷமா விரதம் இருக்கேன், இந்தக் குழந்தைக்கு இருக்கிற கட்டுப்பாடு எனக்கு இன்னும் வரல."

பழத்தை மேலே ஏற்றி வைத்தோம். அருளும் இறங்கிவிட்டது, மறுபடியும் பட்டினி. காவடி எடுத்து முடிந்தது. மங்களம் வந்து தங்கியிருந்தாள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். மறுநாள் மத்தியானம் வண்டி என்று முடிவாயிற்று.

களை எடுக்கிற பெண்கள்

மறுநாள் காலை முழுக்க நானும் பாக்கியமும் பெட்டி முன்னால் உட்கார்ந்து பிள்ளையின் துணியை மடித்தோம். பாக்கியம் ஒரு சின்னப் பாவாடையை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மங்களம் முன்கட்டில் வண்டிக்காரனை அதட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினால் கட்டிலுக்கு அடியில் பிள்ளை இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. அன்றைக்கு யாருக்கும் தாழ்ப்பாள் ஞாபகம் இல்லை.

பாக்கியம் ஓடின ஓட்டம்! வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஒன்று உண்டு, மழைத் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் முதலில் ஓடினாள். அங்கே இல்லை. கரும்பு வரிசைக்குள் கூப்பிட்டுக்கொண்டே போனோம். வயலின் அந்தக் கோடியில், பெரிய தோட்டத்து எல்லையில், மாமரத்து நிழலில் களை எடுக்கிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அந்த வரிசையில், கடைசி ஆளாக, மரியானுக்குப் பக்கத்தில், இடம் பிடித்து வைத்த மாதிரி எங்கள் தேவானையும் குந்தியிருந்தாள்.

மரியானைப் பற்றிச் சொன்னேனே, மூத்த பிள்ளையைப் பார்த்தவள். அவள் பாட்டனும் நம் பாட்டன்மாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், பிறகு அவள் வீட்டார் மாதா கோயிலுக்குப் போனார்கள். தமிழ் பாதி, எங்கள் தீவுப் பேச்சான க்ரேயோல் பாதி பேசுவாள். அந்த ஊரில் எந்தக் கண்ணுக்குப் பயந்து கதவைச் சாத்தினார்களோ, அந்தக் கண்ணு அதுதான். ஆனால் அந்தக் கண்ணு தேவானையைப் பார்க்கவே இல்லை. மரியான் பசியோடு தின்றுகொண்டிருந்தாள். தகரத் தட்டில் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, ஓரத்தில் மிளகாய் அரைத்த தக்காளிச் சட்னி. ஒரு பிடி எடுப்பாள், வாயில் போடுவாள், மெல்லுவாள், பக்கத்தில் இருக்கிறவளோடு வம்பு பேசுவாள், மறுபடி எடுப்பாள். தேவானை அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை மேலே போனால் இவள் தாடையும் மேலே போகிறது. கீழே வந்தால் இவள் தாடையும் கீழே வருகிறது. வாயில் ஒன்றுமே இல்லை, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளை பிறந்த நாள் முதல் ஒரு மனுஷர் தின்று பார்த்ததில்லை. அப்பன் தின்கிறபோது இவள் அறைக்குள். ஆத்தாள் தின்கிறபோது சுவரைப் பார்த்துக்கொண்டு. இவளுக்கு ஊட்டுகிற நான் வாயில் ஒரு பருக்கை போட்டதில்லை. மெல்லுகிறது என்றால் என்னவென்றே தெரியாதவளுக்கு மூன்று பேர் சேர்ந்து சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தோம். அட, கேடுகெட்ட பிழைப்பே!

தேவானை கையை நீட்டினாள். மரியானின் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். கீரையும் சட்னியுமாக. வாயில் போட்டாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. மரியானைப் பார்த்தாள், மென்றாள், விழுங்கினாள். மறுபடியும் கையை நீட்டினாள். நான் பிடித்து இழுக்கப் போனேன், என் வேலை அதுதானே, யாரும் பார்க்காமல் ஊட்டுவது. பாக்கியம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு பிடி உண்டென்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் போய் மகளுக்கு எதிரில், மண்ணில், அந்தப் பெண்களோடு குந்தினாள். எனக்கும் கொஞ்சம் குடு என்று மரியானிடம் கேட்டாள். மரியான் பக்கத்துத் தட்டைத் தள்ளிவிட்டாள். மிசியே வீட்டு அம்மாள் பட்டப்பகலில், வெட்டவெளியில், களைக்காரிகளோடு உட்கார்ந்து தின்றாள். பசித்திருந்தவள் தின்கிற மாதிரி தின்றாள். ஆத்தாள் தின்பதைப் பார்த்து மகளும் தின்றாள்.

இந்த நேரம் பார்த்து மங்களமும் அப்பாசாமியும் வந்து சேர்ந்தார்கள். அப்பாசாமி மரியானையும் பிள்ளையையும் பார்த்தான், முகத்தில் ரத்தம் இல்லை. மூத்தவன் ஞாபகம் வந்திருக்கும். பிள்ளையை மூடு, முந்தானையால் மூடு, இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கத்திக்கொண்டே மங்களம் ஓடி வந்தாள். பாக்கியம் எழுந்திருக்கவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, நாத்தனார் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாக்கட்டும் அண்ணி, அவளும் அவங்களைப் பாத்துத்தான் திங்கிறா."

மங்களம் விடுவாளா? தம்பி பக்கம் திரும்பினாள். இவள் புத்தி கெட்டுப்போய்விட்டது, கூலிக்காரி எச்சிலைத் தின்ன வைக்கிறாள், பிள்ளையைத் தூக்கு, வண்டி நிற்கிறது என்றாள். மரியான் தட்டை வழித்துக்கொண்டே "லெஸ் லி" என்றாள், விடு அவளை என்று அர்த்தம். எல்லாரும் அப்பாசாமியைப் பார்த்தோம். அவன் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வாய், கீரை ஒட்டிக்கொண்டு, மெதுவாக, வேலைக்காரிகள் மாதிரி நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவன் ஆத்தாளும் இந்த மாதிரி ஒரு வரிசையில் குந்தித்தான் அவனுக்குச் சோறு கொடுத்தாள், அது எனக்கே தெரியும். மங்களம் பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள். அவன் குறுக்கே வந்து நின்றான்.

"அக்கா, நீ வண்டியில ஏறு, பிள்ளை சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

மங்களம் தனியாகத்தான் சேன் பியேருக்குத் திரும்பினாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பாக்கியமும் மகளும் வாசலிலேயே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு நாள் நன்றாகத் தின்பாள், ஒரு நாள் தட்டைத் தள்ளிவிடுவாள், பாக்கியம் அதைக் கண்டுகொள்ளாமல் தன் சோற்றைத் தின்பாள். மழை விடுவதற்குள் முருங்கைக்காய் கொஞ்சம் சதை பிடித்தது. அப்பாசாமி எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, இனி நேனேன் தேவைப்படாது என்று பக்குவமாகச் சொன்னான்.

ஆகையால் என் சக பாவிகளே, பிள்ளை தானாகத் தின்னத் தொடங்கினால் முதலில் வயிறு காய்வது ஊட்டுகிறவளுக்குத்தான் என்பதால், எங்கள் தொழிலில் யாரும் அதற்கு அவசரப்படுவதில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.